ஃப்ளின்ச், வின்ஸ், ரிகாயில், கிரிஞ்ச்: எல்லாவற்றுக்கும் ‘பின்வாங்கு’ என்று போட்டால் எப்படி?

பெரியபட்டினத்திலிருந்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஃப்ளின்ச், வின்ஸ், ரிகாயில், கிரிஞ்ச், ஷ்ரிங்க், க்வெயில், கவர் என்று ஏழு வினைச்சொற்கள், ஏழுக்கும் அவர் கையில் இருக்கிற அகராதியில் ‘பின்வாங்கு, அஞ்சு, கூசு’ என்றே சுற்றிச் சுற்றிப் போட்டிருக்கிறது, கோடிட்ட இடத்தில் எதை நிரப்புவது? பயத்துக்கு இது, வலிக்கு இது, அருவருப்புக்கு இது என்று பிரித்து வைத்துக்கொள்ளலாமா? கூடவே இரண்டு மாதிரிக் கேள்விகளும் அனுப்பியிருக்கிறார், அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

பிரித்து வைத்துக்கொள்ளலாம் தம்பி, ஆனால் தேர்வு அறையில் பாதி இடத்தில் காலை வாரிவிடும். வலிக்கு வின்ஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டு போவீர்கள். அங்கே யாரோ சுருதி விலகிப் பாடுவதைக் கேட்டு ஒருத்தர் வின்ஸ் பண்ணியிருப்பார். பயத்துக்கு ரிகாயில் என்று வைத்திருப்பீர்கள். அங்கே புழுத்த மீனைப் பார்த்து ரிகாயில் ஆகியிருப்பார்கள். இந்தச் சொற்கள் எந்த உணர்ச்சி வந்தது என்று பெரிதாகக் கவலைப்படுவதில்லை. உடம்பில் எது அசைந்தது, எந்தப் பக்கம் அசைந்தது, எவ்வளவு நேரம் அப்படி இருந்தது, இதைத்தான் பார்க்கின்றன. பயமா வலியா என்பதை வாக்கியத்தின் மிச்சப் பகுதி சொல்லிவிடும். டியூஷனில் பிள்ளைகளிடம் நான் கேட்கிற முதல் கேள்வியே ‘எது அசைஞ்சது?’ என்பதுதான்.

பாம்பன் பக்கம் காலையில் படகு கரை வந்து, வலையிலிருந்து மீன் கழற்றுகிற நேரத்தில் போய் நின்றால் இதில் பாதியை நேரிலேயே பார்த்துவிடலாம். கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளை ஒட்டிப் பக்கத்துக்கு ஒரு முள், ஆக மூன்று. விறைத்து நிறுத்திக்கொண்டால் லேசில் மடங்காது, விளிம்பில் அரம்பப் பல், போதாததற்கு முள்ளின் மேல்தோலில் விஷம். அதனால் பழகியவர்கள் முள்ளை முதலில் ஒடித்துவிட்டுத்தான் மீனை உருவுவார்கள். ஒடிக்காமல் விட்ட ஒன்று துள்ளி, கட்டைவிரல் அடியில் ஏற்றிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கை வெடுக்கென்று வரும். அது அவர் யோசித்துச் செய்தது இல்லை, தண்டுவடம் செய்தது. குத்திய சேதி மூளைக்குப் போய் ‘வலி’ என்று தெரிவதற்கு முன்பே தண்டுவடத்திலேயே கணக்கு முடிந்து தசைக்கு உத்தரவு வந்துவிடுகிறது. (இந்த மாதிரி அனிச்சைச் செயல்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் சார்லஸ் ஷெரிங்டன், 1932-இல் நோபல் பரிசு பெற்றவர்.) அப்புறம்தான் முகம். கண் இடுங்கும், பல்லைக் கடிப்பார், ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும், ஒரு பக்கக் கன்னம் மேலே ஏறும்.

அந்த முகம்தான் வின்ஸ். கை இழுத்துக்கொண்டது வின்ஸ் இல்லை. வலியிலும் இரண்டு தினுசு நரம்பிழை வேலை செய்கிறது: சுருக்கென்று தைக்கிற வலியைக் கொண்டுபோவது வேகமான இழை, விண்விண்ணென்று தெறிக்கிற வலியைக் கொண்டுபோவது மெதுவான இழை, நொடிக்கு ஒரு மீட்டர், மிஞ்சினால் இரண்டு மீட்டர்தான் அதன் வேகம். விரலிலிருந்து தலைக்கு வர அதற்கு ஒரு நொடி வரைகூட ஆகிவிடும், ஆகவே முதல் வின்ஸ் முடிந்து ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்ல வாய் திறக்கும்போது இரண்டாவது வந்து சேரும். குத்து வாங்கிய கையைத் தாங்குகிற சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் வைத்தால் கெளுத்தி, திருக்கை விஷத்தின் வேதனை குறையும், மருத்துவர்களும் சொல்கிற வைத்தியம்தான். அந்த வெந்நீரில் கையை விடும்போது மூன்றாவது வின்ஸ்.

சரி, இப்போது அடுத்த கெளுத்தி. கையை நீட்டுகிறார், மீன் வாலை ஒரு அடி அடிக்கிறது, முள் படவே இல்லை, ஆனாலும் விரல் அரை அங்குலம் இப்பாலேயே துள்ளி நின்றுவிடுகிறது. இதுதான் ஃப்ளின்ச். வரப்போகிற அடிக்கு உடம்பு முந்திக்கொள்வது. அடி விழுகிற அதே கணத்திலும் ஃப்ளின்ச் ஆகலாம், தப்பில்லை, ஆனால் அடி விழாமலே ஃப்ளின்ச் ஆகலாம் என்பதுதான் இந்தச் சொல்லின் தனிக்குணம். வின்ஸுக்கு வலியோ, வலியின் நினைப்போ, அசிங்கமாக ஏதாவது நடந்துவிட்ட கூச்சமோ உள்ளே இறங்கியிருக்க வேண்டும். ‘அன்றைக்கு மேடையில் உளறியதை நினைத்தால் இப்போதும் வின்ஸ் பண்ணுகிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள், அங்கே ஃப்ளின்ச் போட்டால் ஒட்டாது.

ஃப்ளின்ச்சுக்கு ‘பின்வாங்கு’ என்று போட்டிருப்பதில் எனக்குப் பெரிய மனக்குறை. இந்தச் சொல் பழைய பிரெஞ்சில் ‘வளை, ஒதுங்கு’ என்கிற பொருளில் இருந்து வந்தது, பின்னால் போவது அதில் கட்டாயமே இல்லை. 1939-இல் லாண்டிஸ், ஹன்ட் என்கிற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், திடீரென்று துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மனித உடம்பு என்ன செய்கிறது என்பதை அதிவேகக் கேமராவில் பிடித்து வெளியிட்டார்கள். முதலில் கண் மூடுகிறது. அப்புறம் தலை முன்னால் வருகிறது, தோள் ஏறுகிறது, முழங்கை மடங்குகிறது, வயிறு உள்ளே போகிறது, முழங்கால் லேசாக மடிகிறது. அதாவது உடம்பு பின்னால் சாயவில்லை, முன்பக்கமாகக் குறுகுகிறது! திரும்பத் திரும்பச் சுட்டால் மற்ற அசைவெல்லாம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனாலும் கண் மூடுவது மட்டும் போவதில்லை. சத்தம் கேட்டு ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இமை மூடத் தொடங்கிவிடும், அதற்குள் யாரால் தைரியத்தை வரவழைக்க முடியும்?

இதைத்தான் வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் கேட்டு வைத்திருக்கிறார். விழித்த கண்ணை நோக்கி வேல் எறிந்தாலும் வீரன் இமைக்கக் கூடாது, இமைத்தால் அதுவே தோற்று ஓடியதற்குச் சமம் என்று 775-ஆம் குறள். ‘அழித்திமைப்பின்’ என்று அவர் சொல்கிற அந்த இமைப்பு இருக்கிறதே, அதைவிடச் சிறிய ஃப்ளின்ச் கிடையாது. ஆங்கிலத்திலும் ஃப்ளின்ச் பெரும்பாலும் இப்படி ‘இல்லை’ என்பதோடு சேர்ந்துதான் கௌரவமாக வரும்: ‘ஹி டிட் நாட் ஃப்ளின்ச்’, ‘விதவுட் ஃப்ளின்ச்சிங்’, ‘அன்ஃப்ளின்ச்சிங்’. கேள்வியில் நாட், நெவர், விதவுட் ஏதாவது இருந்து, யாரோ எதையோ நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றால், ஃப்ளின்ச் மேல் ஒரு கண் வையுங்கள்.

வின்ஸின் பழைய கதை வேறு. அது முதலில் குதிரைக்குச் சொன்ன சொல், பொறுமையில்லாமல் காலை உதைப்பது, சேணம் உரசிப் புண்ணான இடத்தில் கை பட்டால் துள்ளுவது. காலில் இருந்தது பின்னாளில் மனிதன் முகத்துக்கு ஏறிவிட்டது. குதிரையிலிருந்து வந்த இன்னொரு சொல் ஷை. வெட்கம் என்று நாம் படித்த அதே ஷைதான், ஆனால் வினையாக வந்தால் மிரண்டு பக்கவாட்டில் வெட்டுவது. நம்ம பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்தில், ரோட்டோரம் யாராவது துண்டை வீசினால் ஓடுகிற மாடு ஒரு பக்கமாக ஒதுங்கி வெட்டுமே, அது. மனிதர்களுக்கு ‘ஷை அவே ஃப்ரம்’ என்று வரும், ஒரு விஷயத்தைத் தொடாமல் நழுவுவது.

ரிகாயில்தான் உண்மையில் பின்வாங்குவது. பிரெஞ்சில் ‘க்யூல்’ என்றால் பிட்டம், அதிலிருந்து பின்பக்கமாகப் போவது என்கிற வினை வந்து, அது ஆங்கிலத்தில் ரிகாயில் ஆனது. மரியாதையான அகராதிகள் இதை மெல்லிய குரலில்தான் சொல்லும். துப்பாக்கி சுட்டதும் கட்டை தோளில் வந்து உதைப்பதும் ரிகாயில்தான், நியூட்டனின் மூன்றாவது விதி. ஆகவே முழு உடம்பும், அல்லது குறைந்தது தலையும் மார்பும், இருந்த இடத்தை விட்டுப் பின்னால் போக வேண்டும். கண் மட்டும் சிமிட்டியிருந்தால் ரிகாயில் கிடையாது.

டார்வின் 1872-இல் எழுதிய ஒரு விஷயம் இதற்குச் சரியான உதாரணம். லண்டன் மிருகக்காட்சி சாலையில் விரியன் இனத்துப் பாம்பு ஒன்றின் கண்ணாடிக் கூண்டில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, அது கொத்த வந்தாலும் நகரவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு நின்றாராம். பாம்பு அடித்தது. உறுதியெல்லாம் போன இடம் தெரியாமல் ஒன்றிரண்டு கஜம் பின்னால் துள்ளிவிட்டாராம். நடுவில் கெட்டிக் கண்ணாடி இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. அருவருப்புக்கும் இதே கதைதான். பால் ரோஸின் என்கிற உளவியலாளரும் கூட இருந்தவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் ஒரு முறை முக்கி எடுத்தார்கள், அதற்கப்புறம் அந்தச் சாறு பலருக்கு வேண்டாததாகிவிட்டது, சுத்தமானதுதான் என்று சொல்லியும். டம்ளரை நீட்டும்போது தலை தானாகப் பின்னால் போகுமே, அது ரிகாயில். ஊர் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் கரையில் திருக்கை அறுப்பதை எட்டிப் பார்க்கிறேன் என்று குனிந்து, குடல் வெளியே வந்ததும் இரண்டு அடி பின்னால் போய்ப் பக்கத்தில் நிற்கிறவர் காலை மிதிக்கிறார்களே, அதுவும் அதுதான். ‘ரிகாயில் ஃப்ரம்’, ‘ரிகாயில் அட்’, ‘ரிகாயில் இன் ஹாரர்’ மூன்றும் வரும். ‘ரிகாயில் ஆன்’ என்று வந்தால் பொருள் வேறு, வைத்த வினை வைத்தவனையே வந்து தாக்குவது.

கிரிஞ்ச் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ‘செம கிரிஞ்சு டா’ என்று ரீல்ஸுக்குக் கீழே எழுதாத ஆள் யார். ஆனால் தேர்வுக்கு அந்தக் கிரிஞ்சு மட்டும் போதாது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குப் போரில் விழுவது, சாவது என்று பொருள். அப்புறம் அது காலில் விழுகிற மாதிரிக் குனிவதாகி, பண்ணை வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதுகை வளைத்து ‘சரிங்க, சரிங்க’ என்று நிற்கிற கூழைக்கும்பிடு ஆனது. கொஞ்சம் பழைய உரைநடைப் பத்தியில் ‘கிரிஞ்சிங் சர்வன்ட்’ என்று வந்தால் அது அந்த ஆள். அவரைப் பார்த்து நமக்குக் கிரிஞ்சாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மூன்று காலத்திலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான், உடம்பு உள்பக்கமாகவும் கீழாகவும் மடிவது: கழுத்து தோளுக்குள் போவது, முகம் தாழ்வது. இப்போது அடுத்தவர் செய்கிற கூத்துக்கு நமக்குக் கூசும்போதும் உடம்பு அதையேதான் செய்கிறது, கவனித்துப் பாருங்கள். பயத்தில் கிரிஞ்ச் ஆவதும் சரியான ஆங்கிலமே, அடி வாங்கப் பழகிய நாய் கையை ஓங்கினால் மடிவது அப்படித்தான்.

அந்த நாயே அடியோடு மடிந்து, மணலில் ஏற்றி வைத்த படகுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் கிடந்தால், அதுதான் கவர். உறை என்று நாம் சொல்கிற கவர் இல்லை, சி-ஓ-டபிள்யூ-இ-ஆர், பவரோடு எதுகை. இது கணத்தில் முடிகிற அசைவு இல்லை, பம்மிப் பதுங்கி அப்படியே இருப்பது. அதனால் இதோடு எப்போதும் ஒரு இடம் ஒட்டிக்கொண்டு வரும், ‘இன் எ கார்னர்’, ‘பிஹைண்ட் த டோர்’, ‘அண்டர் த டேபிள்’. இடம் இருந்தால் யோசிக்காமல் கவர் போடலாம். கோழை என்கிற கவர்ட் இதிலிருந்து வந்தது என்று கைடுகளில் எழுதியிருப்பார்கள், நம்ப வேண்டாம். அது லத்தீனில் ‘வால்’ என்கிற சொல்லிலிருந்து வந்தது. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவன் என்று நாம் சொல்வதையே அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஷ்ரிங்க் மெதுவானது. வாடுவது, சுருங்குவதுதான் அடிப்படை, துணி சுருங்குவதும் இதுதான். சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கிற நண்டைத் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்வதை ‘ஷ்ரிங்க் பேக்’ எனலாம், ஆனால் தேர்வில் உங்களுக்கு வரப்போவது அநேகமாக ‘ஷ்ரிங்க் ஃப்ரம்’, அங்கே உடம்பு அசையவே வேண்டியதில்லை, செய்ய வேண்டியதைச் செய்ய மனசு சுருங்குவது. சின்னப்பாலத்திலிருந்து தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையும் நீரோட்டமும் பார்க்காமல் முங்குகிறார்களே, அவர்களைப் பற்றி எழுதினால் ‘தே டூ நாட் ஷ்ரிங்க் ஃப்ரம் ஹார்ட் வொர்க்’ என்று எழுதலாம். அங்கே வின்ஸும் போடக் கூடாது, கிரிஞ்சும் போடக் கூடாது.

க்வெயில் காடைக்கும் அதே எழுத்துதான், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இது உள்ளே நடக்கிற விஷயம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று கேட்டதும், ஆள் இன்னும் கரை திரும்பாத வீட்டில் வயிறு கலங்குமே, முகத்தில் காட்டிக்கொள்ளாமல் அடுப்பு வேலையைப் பார்ப்பார்களே, அதுதான் க்வெயில். ‘அட் த தாட்’ (அந்த நினைப்பில்), ‘பிஃபோர் ஹிஸ் கேஸ்’ (அவர் பார்வைக்கு முன்னால்) என்று பின்னால் வரும். கதைகளில் அதிகம், பேச்சில் கிட்டத்தட்ட இல்லை.

நீங்கள் கேட்காத நான்கைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், விருப்பங்களில் கூடவே வந்து குழப்பும். பிளென்ச் என்றால் அசைந்து ஒதுங்குவது, பிளான்ச் என்றால் முகம் வெளுப்பது; பிளான்ச் பிரெஞ்சில் ‘வெள்ளை’யிலிருந்து வந்தது, பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலுரிப்பதும் பிளான்ச்தான். ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், ஆகவே வெளிறுதல் என்று பொருள் வந்தால் பிளான்ச் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஸ்குவர்ம் என்பது நெளிவது, உட்கார்ந்த இடத்தில் எழுந்து ஓடவும் முடியாமல். பால்க் கொஞ்சம் அழகானது: உழும்போது உழாமல் விட்ட மண்திட்டுக்கு, கிட்டத்தட்ட நம்ம வரப்புக்கு, அந்தப் பெயர். அதிலிருந்து தொடாமல் விட்டுவிடுவது, அதிலிருந்து முன்னால் போகாமல் நின்றுவிடுவது. சண்டி மாடு செய்வது பால்க். ஏலத்தில் வஞ்சிரத்துக்கு ஏறிய விலையைக் கேட்டு வியாபாரி ‘ஆளை விடுங்க’ என்று நின்றுகொண்டால் ‘பால்க்ட் அட் த பிரைஸ்’. பயமும் இல்லை வலியும் இல்லை, மறுப்பு மட்டும்.

இப்போது உங்கள் இரண்டு கேள்விகள். முதலாவது, நர்ஸ் புண்ணைத் துடைத்தபோது சிறுவன் என்ன செய்தான், விருப்பங்கள் வின்ஸ், க்வெயில், கவர், பால்க். வின்ஸ். துடைக்கிறபோது வலி உள்ளே வந்துவிட்டது, இடம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. ஃப்ளின்ச்சும் கொடுத்திருந்தால் சிக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள், நியாயம்தான். அப்போது வாக்கியத்தில் ஊசியோ பஞ்சோ பட்டுவிட்டதா, வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள், படாத வரைக்கும் ஃப்ளின்ச். இரண்டாவது, மக்களுக்குப் பிடிக்காத முடிவை எடுப்பதிலிருந்து அமைச்சர் என்ன செய்யவில்லை, விருப்பங்கள் வின்ஸ், ஷ்ரிங்க், கிரிஞ்ச், கவர். நாட் இருக்கிறது, பின்னால் ஃப்ரம், அதற்குப் பின் ஐஎன்ஜி வடிவம், ஆகவே ஷ்ரிங்க். ஃப்ளின்ச் விருப்பத்திலேயே இல்லை, இருந்தால் அதுவும் பொருந்தியிருக்கும், அந்த மாதிரிக் கேள்வியை ஒழுங்காகக் கேள்வி தயாரிக்கிற யாரும் வைக்க மாட்டார்கள்.